செடிக்குள்ள இருக்கிற ஹார்மோன் உப்பை வெளிய தள்ளுமா? தெளிச்சா பயிர் தாங்குமா?

நீங்க எழுதினதை நான் புரிஞ்சுக்கிட்டபடி முதல்ல சொல்லிடறேன். உப்பு மண்ணுல செடிக்குள்ள அப்சிசிக் ஆசிட் ஏறுது, அதுதான் செடியைக் காப்பாத்துதுன்னு ஒரு இடத்துல படிச்சிருக்கீங்க, அதே ஹார்மோன்தான் வளர்ச்சியை நிறுத்துதுன்னு இன்னொரு இடத்துல படிச்சிருக்கீங்க. ஜிப்ரலின் தெளிச்சா வளர்ச்சி திரும்ப வரும்னு ஒருத்தர் சொல்லிருக்கார், சாலிசிலிக் ஆசிட்ல விதையை ஊற வைங்கன்னு இன்னொருத்தர். எதை நம்புறதுன்னு கேட்டிருக்கீங்க. இதுக்குள்ள உண்மையில ரெண்டு கேள்வி இருக்கு: செடிக்குள்ள உப்பைச் சமாளிக்கிற வேலையை யார் செய்யறாங்க, அந்த வேலையை வெளியிலருந்து ஒரு பாட்டில்ல வாங்கி நாம செய்ய முடியுமா. என் பதிலை முன்னாடியே சொல்லிடறேன், ஹார்மோன் எதுவும் உப்பை வெளியேத்தாது, எவ்ளோ வளரணும் எப்ப நிறுத்தணும்ங்கற முடிவை மட்டும்தான் அது எடுக்குது, உப்பைத் தள்றது வேற ஆளு. செடி உடலியல் படிச்சு, உப்புல வேரும் இலையும் என்ன பண்ணுதுன்னு பல வருஷமா லேப்லயும் கண்ணாடிக் கூடத்துலயும் பார்த்துட்டு வர்ற ஆள் நான், வயலுக்கு டோஸ் எழுதித் தர்றது என் வேலை இல்ல, அதனால எந்தப் பயிருக்கு எத்தனை மில்லின்னு இதுல வராது.

உப்பு செடிக்கு ரெண்டு விதமா தொல்லை குடுக்குது, ரெண்டும் வேற வேற நேரத்துல வருது, இதைப் பிரிச்சுப் பார்க்காததாலதான் பாதி குழப்பம். முதல் தொல்லை தண்ணி. மண்ணுத் தண்ணியில உப்பு கரைஞ்சிருந்தா வேரால அந்தத் தண்ணியைச் சுலபமா இழுக்க முடியாது, மண்ணு ஈரமா இருந்தாலும் செடிக்கு வறட்சி மாதிரிதான். உவர் மண்ணுன்னு சொல்றதுக்கு பொதுவா வெச்சிருக்கற எல்லை, மண்ணைத் தண்ணி விட்டுக் குழைச்சுப் பிழிஞ்ச சாறுல மின்கடத்தும் திறன், அதாவது இசி, மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ். சாப்பாட்டு உப்பா கணக்குப் போட்டா லிட்டருக்கு சுமார் 2.3 கிராம்தான், கடல் தண்ணியில கிட்டத்தட்ட 35 கிராம் இருக்கும். இந்த 2.3 கிராமே நிறைய காய்கறிப் பயிருக்கு அதிகம். உப்புத் தண்ணி வேரைத் தொட்ட சில நிமிஷத்துலயே இலை நீளறது சட்டுனு குறையும், அப்புறம் ஒரு மணிநேரம் போல ஆனா ஓரளவு மீண்டு வரும், ஆனா பழைய வேகத்துக்குப் போகாது. இந்த முதல் கட்டத்துக்கு சோடியம் காரணம் இல்லன்னு உறுதியா சொல்லலாம், ஏன்னா சாப்பாட்டு உப்புக்குப் பதிலா பொட்டாசியம் குளோரைடோ மானிட்டால்ங்கற சர்க்கரை வகையோ தண்ணியை அதே அளவு இழுத்துப் பிடிக்கிற மாதிரி போட்டாலும் அதே மாதிரிதான் வேகம் குறையுது.

ரெண்டாவது தொல்லை சோடியமே. இது நிமிஷக் கணக்குல வராது, நாள் கணக்குல, வாரக் கணக்குல வரும். ஒரு செடி தன் உடம்புல வெச்சுக்கற தண்ணியைவிட சுமார் 50 மடங்கு தண்ணியை இலை வழியா ஆவியா விடுது. தண்ணி போயிடும், அதோட வந்த உப்பு இலையிலயே தங்கிடும். அப்ப மண்ணுத் தண்ணியில இருக்கிற உப்பை வேர் அப்படியே உள்ள விட்டா இலையில அது 50 மடங்கா சேரும், அதனால உயிரோட இருக்கணும்னா வர்ற உப்புல 98 சதவீதத்தையாவது வேர் வாசல்லயே நிறுத்தியாகணும். பெரும்பாலான பயிருங்க இதைத்தான் பண்ணுது, சிலது நல்லா பண்ணுது, சிலது சுமாரா. உள்ள வந்துட்ட சோடியம் பொட்டாசியத்தோட இடத்துல போய் உக்காருது, பொட்டாசியத்தை நம்பி ஓடற என்சைம் 50-க்கும் மேல இருக்கு, சோடியத்தை வெச்சு அதுங்க ஓடாது. முதல்ல பாதிக்கிறது வயசான இலை, ஏன்னா அதுதான் அதிக நாள் ஆவி விட்டிருக்கு. புது இலை வர்ற வேகத்தைவிட பழைய இலை சாகற வேகம் அதிகமாச்சுன்னா செடியோட கணக்கு முடிஞ்சது.

இப்ப ஹார்மோனுக்கு வரலாம். வேர்ல உப்பு படறது செடிக்கு எப்படித் தெரியுதுங்கறதே ரொம்ப நாளா புதிரா இருந்துச்சு. 2014-ல கடுகு குடும்பத்துச் சின்னச் செடியான அரபிடாப்சிஸ்ல பார்த்தாங்க, வேரோட ஒரு ஓரத்துல மட்டும் உப்பு வெச்சா கால்சியம் அலை ஒண்ணு கிளம்பி நொடிக்கு 0.4 மில்லிமீட்டர் வேகத்துல வேர் முழுக்க ஓடி மேல வரைக்கும் போகுது. 10 சென்டிமீட்டர் தூரத்தை நாலு நிமிஷம் சொச்சத்துல கடந்துடும். 2019-ல இன்னொரு துண்டு கிடைச்சுது, செல் சவ்வோட வெளிப்பக்கம் இருக்கிற ஜிஐபிசிங்கற கொழுப்பு வகை சோடியத்தைப் பிடிச்சுக்குது, அதுதான் கால்சியம் வாசலைத் திறக்குது. இந்தச் செய்தி போன பிறகுதான் ஹார்மோன் அளவெல்லாம் மாற ஆரம்பிக்குது. அதாவது உப்பை முதல்ல பார்க்கறதே ஹார்மோன் இல்ல, அது அடுத்த கட்டம்.

அப்சிசிக் ஆசிட், ஏபிஏன்னு சொல்வோம், இதுல நமக்குத் தெரிஞ்சது நிறைய, உறுதியாவும் தெரியும். 2009-ல ரெண்டு ஆராய்ச்சிக் குழு தனித்தனியா இதோட ரிசப்டரை, அதாவது ஏபிஏவைப் பிடிச்சு உணர்ற புரதத்தை, கண்டுபிடிச்சாங்க, ஷான் கட்லர் குழுவும் எர்வின் கிரில் குழுவும். ஏபிஏ அந்த ரிசப்டர்ல போய் உக்காந்ததும் அது பிபி2சிங்கற என்சைமைப் பிடிச்சு அடக்கிடுது, அதுவரைக்கும் அந்த என்சைம் அமுக்கி வெச்சிருந்த கைனேஸ்ங்கற இன்னொரு என்சைம் விடுபட்டு இலைத்துளைக் காவல் செல்லுல இருக்கிற எஸ்எல்ஏசி1ங்கற வாசலைத் திறக்குது, குளோரைடு மாதிரி எதிர்மின் அயனி வெளிய போகுது, பின்னாடியே பொட்டாசியம் போகுது, பின்னாடியே தண்ணி போகுது, செல் தொளதொளன்னு ஆகி துளை மூடிக்குது. இதை நேர்ல பார்க்க பெரிய லேப் வேண்டாம். கானாவாழை இலையோட அடிப்பக்கத் தோலை மெல்ல உரிச்சு, பொட்டாசியம் குளோரைடு கலந்த பஃபர்ல போட்டு, வெளிச்சத்துல வெச்சு, மைக்ரோஸ்கோப்புல பார்த்தா துளை எல்லாம் வாய் பிளந்து இருக்கும், அதுல 10 மைக்ரோமோலார் ஏபிஏ விட்டுட்டு ஒரு மணிநேரம் கழிச்சுப் பாருங்க, ரெண்டு காவல் செல்லும் நேரா நிமிர்ந்து ஒட்டிக்கிட்டு இருக்கும், நடுவுல ஒரு கோடுதான் தெரியும். மாணவர்களுக்கு இதைக் காட்டும்போதெல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்ததும்தான் அவங்களுக்கு நம்பிக்கையே வருது.

துளை மூடினா என்ன லாபம்னா தண்ணி செலவு குறையுது, தண்ணியோட மேல வர்ற உப்பும் குறையுது. ஏபிஏ செய்யத் தெரியாத தக்காளி மியூட்டன்ட், அதாவது மரபணு மாறின செடி, ஒண்ணு இருக்கு, பேரு ஃப்ளாக்கா, அது நல்ல மண்ணுலயே வாடிக் கிடக்கும். அதனால ஏபிஏ இல்லாம செடி இல்ல, இதுல சந்தேகமே கிடையாது. ஆனா துளை மூடினா கார்பன் டை ஆக்சைடும் உள்ள வராது, ஒளிச்சேர்க்கைங்கற சமையல் நடக்காது. நீங்க ரெண்டு இடத்துல படிச்சது ரெண்டும் சரிதான், அது ஒரே வேலையோட ரெண்டு பக்கம். இன்னொண்ணு, வேர்லதான் ஏபிஏ உருவாகி இலைக்கு ஏறுதுன்னு பழைய பாடப்புத்தகத்துல இருக்கும், இப்ப அந்தப் படம் மாறிடுச்சு. ஏபிஏ இல்லாத வேர் மேல சாதாரண தளிரை ஒட்டுக் கட்டினாலும் இலை சரியா மூடுது, அப்ப இலையே தனக்கு வேண்டியதைச் செஞ்சுக்குதுன்னுதான் அர்த்தம். 2018-ல வறட்சியில வேர்லருந்து மேல போற சின்னப் புரதத் துண்டு ஒண்ணைக் கண்டுபிடிச்சாங்க, சிஎல்இ25ன்னு பேரு, அது இலைக்குப் போய் அங்க ஏபிஏ செய்யச் சொல்லுது. உப்புலயும் இதே வழிதானாங்கறது இன்னும் உறுதியான விஷயமா எனக்குப் படல.

ஜிப்ரலின்தான் உங்க கேள்வியில எனக்கு ரொம்ப முக்கியமா பட்ட இடம். வளர்ச்சி நின்னு போனதைப் பார்த்ததும் நமக்கு செடி தோத்துப் போச்சுன்னு தோணும், வளர்ச்சி ஹார்மோன் குடுத்துத் தூக்கி விடணும்னு கை பரபரக்கும். ஆனா அந்த நிறுத்தத்துல ஒரு பெரிய பங்கு செடியே எடுத்த முடிவு. வரும்படி குறைஞ்ச மாசத்துல வீட்டுச் செலவைக் குறைக்கிற மாதிரிதான். செல்லுக்குள்ள டெல்லான்னு ஒரு புரதக் குடும்பம் இருக்கு, அதோட வேலை வளர்ச்சியைப் பிடிச்சு நிறுத்தறது. ஜிப்ரலின் வந்தா டெல்லா அழிஞ்சு போகும், செடி நீளும். உப்பு பட்டா ஜிப்ரலின் குறையுது, டெல்லா தங்கிடுது, செடி குட்டையா நிக்குது. 2006-ல பாட்ரிக் அஷார் குழு அரபிடாப்சிஸ்ல இதைச் சோதிச்சாங்க, அஞ்சு டெல்லாவுல நாலை எடுத்துட்ட செடிங்க உப்புல நிக்காம வளர்ந்துச்சு, ஆனா அதுலதான் அதிகம் செத்துச்சு. ஜிப்ரலினே செய்ய முடியாத குட்டைச் செடிங்க உப்பைத் தாங்கி உயிரோட இருந்துச்சு. இதைப் படிச்ச பிறகு உப்பு மண்ணுல நிக்கிற வளர்ந்த பயிர் மேல ஜிப்ரலின் தெளிக்கிறதை நான் எப்பவும் பயத்தோடதான் பார்க்கறேன், ஏன்னா புது இலை வேகமா விரிஞ்சா ஆவியும் கூடும், ஆவி கூடினா சோடியம் ஏறறதும் கூடும்.

ஆனா இதுல ரெண்டு விஷயத்தை நேர்மையா சொல்லியாகணும். ஒண்ணு, விதை முளைக்கிற கட்டம் வேற. அங்க ஏபிஏ முளைப்பைத் தடுக்கும், ஜிப்ரலின் திறந்து விடும், உப்பு பட்ட விதை தூங்கிக் கிடக்கறப்ப ஜிப்ரலின்ல ஊற வெச்சா முளைப்பு கூடுறது பல பயிர்ல திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். அதனால விதை ஊற வைக்கிறதையும் இலை மேல தெளிக்கிறதையும் ஒரே தட்டுல வெச்சுப் பேசக்கூடாது. ரெண்டு, உயிரோட இருக்கிறது வேற, விளைச்சல் தர்றது வேற. காட்டுச் செடிக்கு குட்டையா நின்னு நாலு விதை போட்டாலும் வெற்றிதான், பயிர் வைக்கிறவருக்கு அது நஷ்டம். கொஞ்சமான உப்புல, சாகற அபாயம் இல்லாத இடத்துல, செடி தேவைக்கு மேல பயந்து வளர்ச்சியை நிறுத்திடுதுன்னு ஒரு வாதம் இருக்கு, அதுல நியாயம் இருக்குன்னுதான் நினைக்கிறேன், ஆனா எந்த உப்பு அளவுல அந்தக் கோடு வருதுங்கறது பயிருக்குப் பயிர், ரகத்துக்கு ரகம் மாறும்.

அப்ப சோடியத்தை யார்தான் நகர்த்தறாங்க? சவ்வுல உக்காந்திருக்கிற கடத்திப் புரதங்கள். இதைக் கண்டுபிடிச்ச விதமே ரொம்ப அழகு. 1990-கள்ல ஜியான்-காங் ஜூ குழு அரபிடாப்சிஸ் நாத்தை நெட்டு வாக்குல நிக்க வெச்ச ஜெல் தட்டுல வளர்த்து, அப்புறம் உப்பு கலந்த தட்டுக்கு மாத்தி, தட்டைத் தலைகீழா நிறுத்துவாங்க. வேர் வளர்ந்துட்டே இருந்தா நுனி கீழ்நோக்கித் திரும்பி தூண்டில் முள் மாதிரி கொக்கி போடும், உப்பு தாங்காத மியூட்டன்ட்னா கொக்கி விழாது, வேர் அப்படியே நிக்கும். அப்படிக் கொக்கி போடாத நாத்தைப் பொறுக்கிப் பொறுக்கித்தான் எஸ்ஓஎஸ்ங்கற தொடரைக் கண்டுபிடிச்சாங்க: எஸ்ஓஎஸ்3 கால்சியத்தை உணருது, அது எஸ்ஓஎஸ்2-வை எழுப்புது, அது எஸ்ஓஎஸ்1-ஐ முடுக்குது, எஸ்ஓஎஸ்1 சோடியத்தை செல்லுக்கு வெளிய தள்ளுது. இந்தச் சங்கிலி ஓட ஹார்மோன் உத்தரவுக்குக் காத்திருக்கத் தேவை இல்ல, கால்சியம் போதும். தள்ள முடியாத சோடியத்தை செல்லுக்கு நடுவுல இருக்கிற வாக்குவோல்ங்கற பையில பூட்டி வைக்கிறது என்ஹெச்எக்ஸ் குடும்பம். தண்ணிக் குழாய்ல ஏற்கனவே ஏறிட்ட சோடியத்தை இலைக்குப் போறதுக்கு முன்னாடி திரும்ப இழுத்து வேர்லயே வெச்சுக்கறது ஹெச்கேடி குடும்பம்.

இந்த ஹெச்கேடிதான் வயல்ல நிரூபிச்ச ஆளு, அதனாலதான் இதை இவ்ளோ அழுத்திச் சொல்றேன். நெல்லுல நோனா பொக்ராங்கற உப்பு தாங்கற ரகத்துலருந்து 2005-ல பிரிச்செடுத்த எஸ்கேசி1 மரபணு ஒரு ஹெச்கேடிதான். உப்பு தாங்கற இன்னொரு ரகமான பொக்காளி நெல்லுலருந்து வந்த சால்டால்ங்கற மரபணுப் பகுதியும் அதே ஒண்ணாம் குரோமோசோம் பக்கம்தான் இருக்கு. கோதுமையில ட்ரிட்டிக்கம் மோனோகாக்கம்ங்கற பழங்கால இனத்துலருந்து ஒரு ஹெச்கேடியைச் சாதாரண கலப்புச் சேர்க்கையிலயே டியூரம் கோதுமைக்குக் கொண்டு வந்தாங்க, 2012-ல ரானா மன்ஸ், மேத்யூ கில்லிஹாம் குழு வெளியிட்டாங்க, உப்பு வயல்ல விளைச்சல் 25 சதவீதம் கூடியிருக்கு. உப்பு தாங்கறதுக்காக தெளிச்ச எந்த ஹார்மோனும் வயல்ல இந்த அளவுக்குத் தெளிவான முடிவைக் காட்டி நான் பார்த்ததில்ல.

ஹார்மோனுக்கும் இந்தக் கடத்திகளுக்கும் தொடர்பே இல்லன்னு நினைச்சுடாதீங்க, இருக்கு, ஆனா நாம எதிர்பார்க்கிற திசையில இல்ல. சைட்டோகைனினை எடுத்துக்கோங்க. இலையைப் பச்சையா வெச்சிருக்கிற ஹார்மோன்னு பேரு வாங்கினது. அரபிடாப்சிஸ் வேர்ல சைட்டோகைனின் செய்திதான் ஹெச்கேடி1-ஐக் குறைச்சு வைக்குது, அந்தச் செய்தியை நிறைவேத்தற ரெண்டு புரதத்தை எடுத்துட்டா ஹெச்கேடி1 கூடி இலைக்குப் போற சோடியம் குறையுதுன்னு 2010-ல காட்டினாங்க. சைட்டோகைனினே குறைவா இருக்கிற செடிங்க உப்பை நல்லா தாங்குதுன்னு அடுத்த வருஷம் இன்னொரு குழு காட்டினாங்க. அதே 2011-ல தக்காளியில வேர் பகுதி மட்டும் அதிக சைட்டோகைனின் செய்யற மாதிரி மாத்தி மேல சாதாரணத் தளிரை ஒட்டுக் கட்டினப்ப, உப்புல இலை முதுமை தள்ளிப்போய் காய் விளைச்சல் கூடிச்சு. ஒண்ணு கூட்டினா நல்லதுன்னு சொல்லுது, இன்னொண்ணு குறைச்சா நல்லதுன்னு சொல்லுது. ஒண்ணு சின்ன நாத்தோட உயிர், இன்னொண்ணு காய்க்கிற செடியோட விளைச்சல், இடமும் நேரமும் வேற வேற, அதனால ரெண்டுமே உண்மையா இருக்க முடியும். ஆனா கடையில வாங்கி இலை முழுக்க அடிக்கிற கரைசலுக்கு இந்த இடம் காலம் எதுவும் தெரியாது.

காயைப் பழுக்க வைக்கிற வாயு ஹார்மோனான எத்திலீனும் இப்படித்தான். அரபிடாப்சிஸ்ல எத்திலீன் செய்தி கேக்காத மியூட்டன்ட் உப்புல சீக்கிரம் சாகுது, அப்ப எத்திலீன் நல்லதுன்னு தோணும். நெல்லுல 2015-ல பார்த்தப்ப தலைகீழ், எத்திலீன் செய்தியைக் கொண்டு போற ஓஎஸ்இஐஎல்1 புரதம் வேர்ல சோடியத்தை உள்ள விடற ஒரு கடத்தியைத் தூண்டி விடுது, அதை எடுத்துட்டா நெல் நல்லா தாங்குது. வேரைச் சுத்தி இருக்கிற சில பாக்டீரியா எத்திலீனுக்கு மூலப்பொருளான ஏசிசியைத் தின்னு தீர்த்துடும், அதைப் போட்டா உப்புல பல பயிரோட நாத்து நல்லா வளர்றதைத் தொட்டிச் சோதனையில நிறைய பேர் பார்த்திருக்காங்க, நான் இதை நம்பிக்கையோட பார்க்கற ஒண்ணு, ஆனா வயல் மண்ணுல ஏற்கனவே இருக்கிற கோடிக்கணக்கான கிருமிக்கு நடுவுல போட்ட பாக்டீரியா தங்குமாங்கறதுதான் பெரிய சிக்கல்.

ஆக்சின்ங்கற வளர்ச்சி ஹார்மோன் பத்தி ஒண்ணே ஒண்ணு, நீங்க கேக்கல ஆனா சொல்லாம இருக்க முடியல. வேர் உப்பைக் கண்டு ஒதுங்கிப் போகும். 2013-ல கிறிஸ்டா டெஸ்டரிங்க் குழு ஜெல்லோட ஒரு மூலையில மட்டும் உப்பு வெச்சுப் பார்த்தாங்க, நேரா கீழ போகவேண்டிய வேர் புவியீர்ப்பையே மீறி உப்பு இல்லாத பக்கம் வளைஞ்சுது. உப்பு இருக்கிற பக்கத்துல ஆக்சினைக் கடத்துற பின்2 புரதம் சவ்வுலருந்து செல்லுக்குள்ள போயிடறதால ஆக்சின் மறுபக்கம் சேருது, ரெண்டு பக்கமும் ஒரே அளவுல நீளாததால வேர் திரும்புது. வயல்லயும் உப்பு சமமா இருக்காது, சொட்டு நீர்க் குழாய்க்கு நேர் கீழ குறைவா இருக்கும், ஈரம் போய் முடியற விளிம்புல வெள்ளையா படிஞ்சிருக்கும், வேர் எல்லாம் நடுவுல குவிஞ்சிருக்கிறதைத் தோண்டிப் பார்த்தா தெரியும், அதுல இந்த வளைவுக்கு எவ்ளோ பங்கு, உப்புப் பக்கம் போன வேர் செத்ததுக்கு எவ்ளோ பங்குன்னு பிரிச்சுச் சொல்றது கஷ்டம்.

சாலிசிலிக் ஆசிட், பிராசினோலைடு, ஜாஸ்மோனிக் ஆசிட், இந்த மாதிரி மத்த செடி ஹார்மோனெல்லாம் தெளிச்சா உப்பு தாங்குதுன்னு வர்ற கட்டுரை ஏராளம், எல்லாம் பொய்னு நான் சொல்லல. ஆனா அதைப் படிக்கும்போது மூணு விஷயத்தைக் கவனிங்க. பெரும்பாலும் நாத்து வயசுல இருக்கிற செடி, தொட்டியில, உப்பை ஒரே நாள்ல ஊத்திப் பண்ணின சோதனை. அப்படித் திடீர்னு ஊத்தினா செடி முதல்ல அடி வாங்கறது தண்ணித் தொல்லையாலதான், ஹார்மோனால கொஞ்சம் உதவ முடியற கட்டமும் அதுதான். வயல்ல உப்பு மாசக்கணக்குல மெல்ல ஏறும், அங்க சோடியம்தான் விளைச்சலைத் தீர்மானிக்குது. அடுத்தது அளவு, சாலிசிலிக் ஆசிட் குறைஞ்ச அளவுல உதவும், அதையே சில மடங்கு கூட்டினா அதுவே செடியைத் தாக்குற ஆக்சிஜன் நச்சைக் கிளப்பி விடும், நடுவுல இருக்கிற இடைவெளி சின்னது. மூணாவது, என்ன அளந்தாங்கன்னு பாருங்க, புரோலின்ங்கற அமினோ அமிலம் கூடிச்சு, என்சைம் கூடிச்சுன்னு இருக்கும், தானிய எடை இருக்காது. புரோலின் கூடுறது செடி தாங்குதுன்னும் காட்டலாம், அதிகமா அடி வாங்கியிருக்குன்னும் காட்டலாம். ஏபிஏவையே தெளிக்கலாமேன்னு தோணலாம், ஆனா வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் பட்டா அது வேலை செய்யாத வடிவத்துக்கு மாறிடும், மிச்சத்தை செடியோட சொந்த என்சைமே சீக்கிரம் உடைச்சுடும், நாத்தைப் பிடுங்கி நடற நேரத்துல சில நாள் வாட்டத்தைத் தள்ளிப்போட உதவலாம், ஒரு பருவம் முழுக்க நிக்காது.

அப்ப உங்க இடத்துல நான் இருந்தா என்ன பண்ணுவேன்னா, முதல்ல மண்ணையும் பாசனத் தண்ணியையும் சோதனைக்குக் குடுப்பேன். இசி மட்டும் போதாது, பிஹெச்சும், மண்ணுல ஒட்டியிருக்கிற சோடியத்தோட சதவீதமும் வேணும். இசி 4-க்கு மேல இருந்து சோடிய சதவீதம் 15-க்குக் கீழ இருந்தா அது உவர் மண், நல்ல தண்ணி விட்டு வடிகால் வழியா உப்பைக் கழுவி இறக்கறதுதான் வைத்தியம், ஜிப்சம் அங்க பெருசா உதவாது. சோடிய சதவீதம் 15-க்கு மேல, பிஹெச் 8.5-க்கு மேல இருந்தா அது களர் மண், அங்க களிமண் துகள் பிரிஞ்சு தண்ணி இறங்காம சேறா நிக்கும், ஜிப்சம் போட்டு கால்சியத்தால சோடியத்தை இடம்பெயர்த்துட்டு அப்புறம் கழுவணும். இந்த ரெண்டையும் மாத்திப் பண்ணினா வருஷம்தான் வீணாகும், எந்த ஹார்மோனும் அதைச் சரிக்கட்டாது.

அடுத்து பயிர் தேர்வு. விளைச்சல் குறைய ஆரம்பிக்கிற இசி அளவுன்னு மாஸ், ஹாஃப்மன் ரெண்டு பேரும் 1977-ல ஒரு அட்டவணை போட்டாங்க, இன்னைக்கும் அதைத்தான் எல்லாரும் எடுத்துப் பேசறோம்: பீன்ஸுக்கு 1, வெங்காயம் 1.2, மக்காச்சோளம் 1.7, தக்காளி 2.5, நெல் 3, கோதுமை 6, பருத்தி 7.7, பார்லி 8. அந்த எல்லைக்கு மேல ஒவ்வொரு டெசிசீமன்ஸுக்கும் பார்லி 5 சதவீதம்தான் இழக்கும், பீன்ஸ் 19 சதவீதம் இழக்கும். நெல்லுல வயசும் முக்கியம், முளைக்கும்போதும் தூர் கட்டும்போதும் ஓரளவு தாங்கும், இளம் நாத்தாவும் பூக்கிற நேரத்துலயும் தாங்காது, அதனால இருக்கிற நல்ல தண்ணியை அந்த ரெண்டு கட்டத்துக்கு ஒதுக்கி வெச்சாலே பெரிய வித்தியாசம் வரும்.

இதெல்லாம் பண்ணிட்டு அதுக்கு மேல ஒரு ஹார்மோனைச் சோதிச்சுப் பார்க்கணும்னா தாராளமா பாருங்க, விதை ஊற வைக்கிறதுலருந்து ஆரம்பிங்க, அங்கதான் ஆதாரம் கொஞ்சம் கெட்டியா இருக்கு. ஆனா வயலை ரெண்டாப் பிரிச்சு இந்தப் பாதி தெளிச்சது, அந்தப் பாதி தெளிக்காததுன்னு பண்ணாதீங்க, நாலு மீட்டர் தள்ளி இசி ரெண்டு மடங்கா இருக்கலாம், அப்புறம் நீங்க பார்க்கிறது மண்ணோட வித்தியாசமா ஹார்மோனோட வித்தியாசமான்னு தெரியாது. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை வைங்க, தெளிக்காத வரிசைக்கும் வெறும் தண்ணியை அதே அளவு அடிங்க, ஏன்னா இலை மேல படிஞ்ச உப்பைத் தண்ணி கழுவறதே சில நேரம் பலன் குடுக்கும். பச்சையா தெரியுதாங்கறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க, அடி இலை நுனியிலருந்து கருகிட்டு வருதா இல்ல புது இலை மட்டும் சின்னதா இருக்கான்னு தனித்தனியா குறிச்சுக்கோங்க, முன்னது சோடியம் ஏறினதுக்கு அடையாளம், பின்னது தண்ணித் தொல்லைக்கு. கடைசியா ஒவ்வொரு வரிசையையும் தனியா அறுத்து எடை போட்டுட்டு, அந்த எண்ணையும் மண்ணுச் சோதனை ரிப்போர்ட்டையும் சேர்த்துப் போடுங்க, பார்த்துட்டு என்னால முடிஞ்சதைச் சொல்றேன்.